அப்பாவுக்கு இரண்டு சிசர், பற்றில் எழுதிக்கொள்ளுங்கள்

இன்றைய சட்டப்படி பார்த்தால், எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை அண்ணாச்சி என் பொருட்டு மட்டுமே பல முறை சிறைக்குப் போயிருக்க வேண்டியவர். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் கையில் மருத்துவர் சொல்லாமல் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்திலேயே அப்பாவுக்குச் சிகரெட், தாத்தாவுக்குச் சுருட்டு, வீட்டுக்கு வந்திருக்கும் மாமாவுக்குப் பீடிக்கட்டு என்று எல்லாவற்றையும் என் கையால்தான் வாங்கி வந்தேன். கொடுத்தவருக்கோ வாங்கியவனுக்கோ அனுப்பியவருக்கோ அதில் தவறு ஒன்று இருப்பதாகக் கனவிலும் தோன்றியதில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஊர், திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர்.

கடை என்பது நான்கு கல்லின் மேல் தூக்கி வைத்த ஒரு மரப்பெட்டிதான். முன்பலகையைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தினால் அதுவே நிழல். கண்ணாடிச் சீசாக்களில் கடலை மிட்டாயும் தேன்மிட்டாயும் இருக்க, மேல்தட்டில் சார்மினார், சிசர், பாசிங் ஷோ, வில்ஸ் பெட்டிகள் அவரவர் வசதிப்படி கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் ஒரு சிறு சிம்னி விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். அதன் பக்கத்துத் தகரக் குவளையில், காலியான சிகரெட் பெட்டிகளின் அட்டையை ஒல்லியாக நறுக்கிப் போட்டு வைத்திருப்பார் அண்ணாச்சி. ஒற்றைச் சிகரெட் வாங்கியவர் அந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து விளக்கில் காட்டிப் பற்றவைத்துக்கொண்டு, பாதி எரிந்த துண்டை மண்ணில் தேய்த்துவிட்டுப் போவார். தீப்பெட்டி வாங்கும் செலவு மிச்சம். விற்ற பெட்டியே தீக்குச்சியாகவும் ஆகிவிடும் அந்தச் சிக்கனத்தை நான் பின்னாளில் எந்த மேலாண்மை வகுப்பிலும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு ரெண்டு சிசராம், பற்றுல எழுதிக்கிடச் சொன்னாவ" என்பேன். அவர் பெட்டியைத் திறந்து இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தருவார். நீள நோட்டில் அப்பாவின் பெயர் இருக்கும் பக்கத்தில் ஒரு கோடு விழும். மாதம் பிறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த அப்பா சம்பளம் வாங்கியதும் அந்தக் கோடுகளை அண்ணாச்சியே கூட்டிச் சொல்வார். அப்பா நோட்டை வாங்கிப் பார்த்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அந்தக் காலத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்று என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு இந்த நோட்டுதான் நினைவுக்கு வரும். நம்பியது உண்மைதான். ஆலங்குளம் பேருந்தில் நடத்துநரிடம் ஒரு சொல் சொல்லி என்னைத் தனியாக ஏற்றிவிடுவார்கள். அவரும் தம் இருக்கைக்கு அருகில் உட்கார வைத்து, இறங்க வேண்டிய இடத்தில் சித்தப்பா நிற்கிறாரா என்று பார்த்த பிறகே விசில் ஊதுவார். நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்த அண்ணன்மார்களுக்குப் பலகாரத் தூக்குவாளி பேருந்தின் எஞ்சின் மூடிமேல் பயணம் செய்யும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போனால் சாவி நிலைப்படிக்கு மேலே இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் இதையெல்லாம் அந்த மனிதர்களின் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட்டால் பாதி உண்மையை மறைத்தவன் ஆவேன். நம்பிக்கைக்கு அடியில் ஒரு கண்காணிப்பு இருந்தது. நான் யார் வீட்டுப் பிள்ளை, என் தாத்தா எந்தத் தெரு, அப்பாவின் சம்பளத் தேதி எது என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு மனப்பாடம். ஒரு நாள் நான் இரண்டுக்குப் பதிலாக மூன்று கேட்டிருந்தால், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் செய்தி எனக்கு முன்னால் போய் நின்றிருக்கும். எங்களை அப்படி நம்பி அனுப்ப முடிந்ததற்குக் காரணம், தப்பிக்க வழியே இல்லை என்பதுதான். அந்த ஊருக்கு வெளியாள் ஒருவர் வந்து பற்று கேட்டிருந்தால் அண்ணாச்சியின் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதையும், ஊருக்குள்ளேயே சில தெருக்காரர்களின் பெயர்களுக்கு அந்த நோட்டில் பக்கமே இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

புகைப்பதற்கு அன்று தடை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தடை மரியாதையைச் சார்ந்திருந்தது. நோய் அதில் எங்குமே வரவில்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற என் சித்தப்பா, தெருமுனையில் தாத்தாவின் தலை தெரிந்ததும் பாதிச் சிகரெட்டைக் கால்விரலுக்கடியில் போட்டு நசுக்கிவிட்டு, வாயில் இருந்த புகையை விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தாத்தாவுக்கு அது தெரியாதா என்ன? அவரும் தூரத்திலேயே ஒரு முறை கனைத்துவிட்டுத்தான் வருவார். மகன் ஒளித்துக்கொள்வதற்கு அவகாசம் கொடுப்பது தகப்பனின் மரியாதை. வாத்தியார், பெரியப்பா, கோயில் தர்மகர்த்தா என்று யார் யார் முன்னால் புகைக்கக் கூடாது என்பதற்கு எழுதாத பட்டியல் ஒன்று இருந்தது. குழந்தைகள் அதில் இல்லை. தொட்டிலில் பிள்ளை தூங்கும் அறையில் நான்கு ஆண்கள் சீட்டு விளையாடிக்கொண்டு மேற்கூரை மறையும் அளவுக்குப் புகை விடுவார்கள். அதே நால்வரும் வீட்டுப் பெரியவர் வந்தால் பின்வாசல் வழியாக வெளியேறுவார்கள். அப்பாவின் எதிரில் புகைப்பது அவமரியாதை என்றிருந்த ஊரில், பிள்ளையின் மூக்குக்கு நேரே புகைப்பது ஒன்றுமே இல்லாததாக இருந்தது. இந்தத் தலைகீழ் வரிசை எனக்கு உறைக்க எவ்வளவோ காலம் ஆயிற்று.

மற்றபடி எங்கும் புகைதான். பேருந்தில் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருக்கும் பலகைக்கு நேர்கீழே உட்கார்ந்து பீடி இழுப்பார்கள். நடத்துநர் கேட்டால் அதிகபட்சமாகக் கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொள்வார்கள். டூரிங் கொட்டகையில் படம் விழும் ஒளிக்கற்றை புகையால்தான் கண்ணுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வெற்றிலைத் தட்டோடு சிகரெட் தட்டும் வரும், அதில் குறைந்த விலைச் சிகரெட் இருந்துவிட்டால் அது ஒரு மனக்குறையாகப் பல ஆண்டு பேசப்படும். சுடலைமாடன் கொடையில் சாமிக்கே சுருட்டுப் படைப்பார்கள். இருமலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் மருத்துவரின் மேசைமேல் சாம்பல் கிண்ணம் இருந்ததும், அது வெறுமையாக இருந்ததில்லை என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிள்ளைகளான எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. காலிச் சிகரெட் பெட்டிகளின் முகப்பட்டையைக் கிழித்துச் சேர்த்து, வட்டம் போட்டு நடுவில் அடுக்கி, சில்லுக்கல்லால் அடித்து வெளியே தள்ளுபவனுக்கு அவை சொந்தம் என்று விளையாடுவோம். எங்கும் கிடைக்கும் சார்மினார் அட்டைக்கு மதிப்புக் குறைவு. வில்ஸ் கொஞ்சம் உசத்தி. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த யாராவது வீசிவிட்டுப் போன 555 அட்டை கிடைத்தவன் அந்தக் கோடை முழுவதும் பணக்காரன். பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை நகத்தால் நீவி மோதிரம் செய்வோம். சுண்ணாம்புக் குச்சி போல வெள்ளையாக, முனையில் மட்டும் சிவப்பு பூசிய சிகரெட் மிட்டாயை உதட்டில் வைத்து அப்பாவைப் போலவே விரலிடுக்கில் பிடித்து ஊதிக் காட்டினால், வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், அப்பா உட்பட.

ஆனால் எங்கள் ஊரில் புகையிலை என்பது ஆண்கள் இழுத்து விடுவது மட்டுமன்று. அது பெண்களின் மடியில் இருந்தது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று அந்தச் சீமை முழுவதும் பீடியால்தான் உலை கொதித்தது, பெண் பார்க்கப் போகிறவர்கள் "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்பது சமையல் தெரியுமா என்று கேட்பதைவிட முக்கியமாக இருந்தது. என் அத்தை காலையில் வீட்டுவேலை முடித்ததும் முறத்தை மடியில் வைத்து உட்காருவாள். மத்தியப் பிரதேசத்துக் காடுகளிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பீடி இலையை முந்தின இரவே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருப்பாள். ஒரு தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் சுற்றி நறுக்குவது, நரம்பைச் சீவுவது, ஒரு சிட்டிகைத் தூளைச் சீராகப் பரப்புவது, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரே உருட்டில் சுருட்டுவது, வாயை மடக்கி அடிப்பக்கத்தில் நூல் சுற்றுவது என்று இத்தனையும் அவள் கண்ணை அதன்மேல் வைக்காமலே நடக்கும். பேச்சு ஒரு பக்கம், வானொலி ஒரு பக்கம், எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது ஒரு பக்கம். கைதேர்ந்தவர்கள் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்தால் ஆயிரம் சுற்றுவார்கள். கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். மாலையில் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு கடைக்கு, அதாவது கம்பெனியின் முகவரிடம், வரிசையாகப் போவார்கள்.

நம்பிக்கையின் காலம் என்று சொல்கிறோமே, அது அந்த வரிசையில் எப்படி நடந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இலையையும் தூளையும் நிறுத்துக் கொடுப்பவர் அவர். சுற்றிய பீடியை எண்ணி வாங்குபவர் அவர். சரியில்லை என்று கை நிறையக் கழித்துப் போடுபவரும் அவர். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாமல் போனால் குறைக்குச் சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். பாஸ்புத்தகத்தில் அவர் எழுதியது என்ன என்று வாசிக்கத் தெரியாத அத்தை, "அவரு பொய்யா எழுதப் போறாரு?" என்பாள். தெரிந்தவர், உறவுமுறை சொல்லிக் கூப்பிடுபவர் என்பதால் கேட்க வாய் வராது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, 1976இல் சேமநல நிதிக்கும் சட்டம் வந்தது என்பதையெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தைக்கு அதைச் சொன்ன ஆள் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. அண்ணாச்சியின் நோட்டை அப்பா நம்பியதற்கும் முகவரின் புத்தகத்தை அத்தை நம்பியதற்கும் வேறுபாடு உண்டு: அப்பாவால் வேண்டும்போது வாசித்துப் பார்த்திருக்க முடியும்.

சுற்றிய பெண்களில் ஒருத்திகூடப் பீடியை வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் தூள் காற்றில் பறக்கும் அந்த முன்னறையில்தான் எல்லோருடைய கைக்குழந்தைகளும் தூங்கின. அத்தையின் இருமலுக்குச் சூடு, பித்தம், மார்கழிப் பனி என்று ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பெயர் இருந்தது. என் பள்ளிக் கட்டணத்திலும் அந்தத் தூளின் பங்கு உண்டு என்பதால், பீடியைப் பற்றிக் கோபமாக எழுத உட்காரும்போதெல்லாம் என் பேனா கொஞ்சம் தயங்கும்.

மாற்றம் எங்களூருக்குச் சட்டமாக வரவில்லை. முதலில் சாவாகத்தான் வந்தது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 1975இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் அந்தச் சிறிய வரி ஆங்கிலத்தில் இருந்தது, அது சிகரெட்டுக்கு மட்டும்தான். ஊரில் பெரும்பாலோர் இழுத்த பீடிக்கு அந்தச் சட்டம் பொருந்தவே இல்லை. எண்பதுகளில் பெரியப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது, வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ" என்றார்கள், கேட்டவர்களும் புரிந்துகொண்டு மேலே கேட்காமல் போனார்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த பெரியப்பாவின் குரல் போயிருந்தது. அவர் உயிரோடிருந்த சில மாதங்களில் திண்ணையில் உட்கார்ந்து, எதிரில் புகைப்பவர்களைக் கையால் அடிக்கும் பாவனை காட்டுவார். அப்பா அந்த ஆண்டோடு நிறுத்தவில்லை. திண்ணையை விட்டுக் கொல்லைப்புறத்துக்கு மாறினார், அவ்வளவுதான். பின்னும் நெடுங்காலம் கழித்து, தமக்கே நெஞ்சுவலி வந்த பிறகுதான் நிறுத்தினார்.

பிறகு அடுத்தடுத்து வந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தபோது, செங்கோட்டை தாண்டிப் போகும் எங்களூர் வியாபாரிகள் "மலைக்கு அந்தப் பக்கம் பீடியைப் பத்தவைக்க முடியல" என்று அதை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கொண்டுவந்தார்கள். 2001இல் உச்ச நீதிமன்றமும், 2003இல் நாடாளுமன்றமும் அதே வழியில் போயின. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது, கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்பவை அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை. பீடியும் அதற்குள் அடங்கியது. அன்புமணி இராமதாசு மத்திய நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2002இல், ரஜினிகாந்த் படத்தின் புகைக்காட்சிகளுக்கு அன்புமணியின் பாட்டாளி மக்கள் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டால் பிடிப்பதை ஊர்ப் பையன்கள் எல்லோரும் கிணற்றடியில் சுள்ளிக் குச்சியை வைத்துப் பழகியவர்கள்தாம். ஆகையால் திரையைப் பார்த்து யாரும் கெடுவதில்லை என்று அன்று வாதிட்டவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. 1996 உலகக் கோப்பைக்கே வில்ஸ் என்று பெயர் வைத்துச் சச்சினின் சட்டையிலும் அதே பெயரை எழுதியவர்கள் ஏதோ தருமத்துக்காகவா பணம் செலவழித்தார்கள்?

இந்தியாவில் வயது வந்தோரில் புகைப்பவர்கள் 2009-10இல் 14 விழுக்காடு, 2016-17இல் 10.7 விழுக்காடு என்று அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பிலும் பீடி 7.7, சிகரெட் 4 என்ற அளவில்தான் இருக்கிறது. சினிமா, விளம்பரம், அலுவலக வாசல் என்று நாம் பேசுவதெல்லாம் சிகரெட்டைப் பற்றியது; நாட்டில் அதிகம் பேர் இழுப்பதோ என் அத்தை சுற்றியது.

இன்று என் அண்ணன் மகனைச் சிகரெட் வாங்க அனுப்பும் ஒரு தகப்பனை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை, அது நல்லது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதே பையனைப் பால் வாங்கக்கூடத் தனியே அனுப்பத் தயங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு ஒவ்வாதது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால், ஒன்றை இழந்ததால்தான் மற்றது கிடைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் யாரையும் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் வேலை தேடிப் போனது, அடுக்ககம், வாகன நெரிசல் என்று வேறு பல. புகைக்கு எதிரான சட்டத்தை அதன் தலையில் கட்டக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சிறுவயதில் களையெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்த கிழவிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சென்னையில் தேநீர்க்கடை ஓரம் ஓர் இளம்பெண் சிகரெட்டோடு நின்றால் இன்று மொத்தக் கடையும் பார்க்கிறது. அந்தப் பார்வையில் நுரையீரலைப் பற்றிய கவலை இருப்பதாக யாரும் என்னை நம்ப வைக்க முடியாது.

அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. மூச்சிரைப்புக்கு உறிஞ்சு மருந்து எடுத்துக்கொள்கிறாள். சென்ற பொங்கலுக்குப் போனபோது, புதிய பீடிக்கட்டு ஒன்றை அவளிடம் காட்டினேன். நோயுற்ற வாயின் படம் முன்னும் பின்னும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. 2009இல் சிறிதாகத் தொடங்கி, 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டை அடைத்துக்கொண்டுவிட்ட படங்கள் அவை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது நாங்க ஒட்டுறது இல்லல்லா. சுத்திக் குடுத்ததோட எங்க வேலை முடிஞ்சிட்டு. வறுத்து லேபிள் ஒட்டுறதெல்லாம் கம்பெனியில" என்றாள்.

அந்தக் காலத்திலேயே இந்தப் படத்தைப் போட்டிருந்தால் மாமா வாங்கியிருக்க மாட்டார் இல்லையா என்று கேட்டேன்.

கட்டைத் திருப்பி அடிப்பக்கத்து நூல் சுற்றை நகத்தால் நெருடிப் பார்த்தாள். "உங்க மாமாவா? படத்தைப் பெத்த பிள்ளையை வச்சுக் கிழிக்கச் சொல்லிட்டு வாங்கியிருப்பாவ" என்றாள். பிறகு, "சுத்து லூசா இருக்கு, இதையெல்லாம் எங்க காலத்துல கழிச்சிருவாவ" என்று கட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.